இறந்த நாளில் ஏன் திருவிழா? மறைசாட்சிகளின் கதையும் வாடிகன் கேட்கும் ஒரு கடினமான கேள்வியும்

ஜனவரி 14. உங்கள் ஆபீஸ் லீவ் லிஸ்ட்டில் அது பொங்கல் வாரம். ஊருக்கு டிக்கெட் கிடைச்சுதா, டீம்ல யார் யார் லீவு என்பதுதான் அந்த நேரத்துக் கவலையாக இருக்கும். அதே தேதிக்கு கன்னியாகுமரி மாவட்டத்து தேவாலயங்களில் இன்னொரு அர்த்தம் உண்டு. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி பக்கத்தில் உள்ள காற்றாடிமலையில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பெயர் தேவசகாயம். 2022 மே 15 அன்று வாடிகனில் போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். இந்தியாவிலிருந்து புனிதர் பட்டம் பெற்ற முதல் பொதுநிலையினர் அவர்தான். அதாவது பாதிரியாரோ துறவியோ அல்ல. கல்யாணமாகி, வேலை பார்த்துக்கொண்டிருந்த மனிதர்.

ஒருவர் கொல்லப்பட்ட நாளில் ஏன் திருவிழா? அவரை 'மறைசாட்சி' என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? வேறு மதத்தவராக இருந்தாலும் உங்களுக்கு இது ஏன் தெரிய வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பிறந்தநாள் ஏன் இல்லை?

ரோமானியப் பேரரசில் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட்ட காலத்தில் தொடங்கிய வழக்கம் இது. விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவரின் கல்லறையில், அவர் இறந்த தேதியில், வருஷா வருஷம் கூடிப் பிரார்த்தனை செய்வார்கள். 2ஆம் நூற்றாண்டில் ஸ்மிர்னா நகரத்து ஆயர் பொலிகார்ப் கொல்லப்பட்டபோது, அந்தச் சபை எழுதிய கடிதத்திலேயே இந்த வழக்கம் பற்றிய குறிப்பு வருகிறது. அவர்கள் அந்த நாளை 'பிறந்தநாள்' என்றே சொன்னார்கள். உலகத்துக்கு அது மரணம், விண்ணகத்துக்கு அது பிறப்பு என்பது அவர்களின் நம்பிக்கை.

அதனால்தான் இன்றும் பெரும்பாலான புனிதர்களின் திருவிழா அவர்கள் இறந்த நாளில் வருகிறது. அன்னை தெரசா இறந்தது 1997 செப்டம்பர் 5. அவர் திருநாள் செப்டம்பர் 5. கேரளத்தின் அல்போன்சா இறந்தது 1946 ஜூலை 28. பரணங்ஙானத்தில் திருவிழா ஜூலை 28. சவேரியார் சீனக் கரையோரத் தீவில் இறந்தது 1552 டிசம்பர் 3. கோவாவில் இன்றும் டிசம்பர் 3 அரசு விடுமுறை.

விதிவிலக்குகளும் உண்டு. வேளாங்கண்ணித் திருவிழா நிறைவடையும் செப்டம்பர் 8, மரியாளின் பிறந்தநாள் விழா. திருமுழுக்கு யோவானுக்கு ஜூன் 24இல் பிறப்பு, ஆகஸ்ட் 29இல் இறப்பு என்று இரண்டு நாள். தோமையாருக்கு ஜூலை 3. அது அவருடைய எலும்புகள் எதெஸ்ஸா நகருக்குக் கொண்டுபோகப்பட்டதன் நினைவு.

காலண்டரில் இடநெருக்கடியும் வரும். 1969இல் ரோம் தன் பொது நாட்காட்டியை ஒழுங்குபடுத்தியபோது, வரலாற்றுத் தகவல் மிகக் குறைவாக உள்ள பலரை அதிலிருந்து எடுத்துவிட்டது. அப்படிப் போனவர்களில் ஒருவர், உங்களுக்கு நல்லாவே தெரிந்த பெயர்: வாலண்டைன். அவர் இன்னும் புனிதர்தான், மறைசாட்சிகள் பட்டியலிலும் இருக்கிறார். ஆனால் கத்தோலிக்கப் பொது நாட்காட்டியில் பிப்ரவரி 14 இப்போது சிரில், மெத்தோடியஸ் என்ற இரண்டு சகோதரர்களின் நாள்.

பட்டம் கிடைக்கும் படிகள்

தொடக்கத்தில் மக்கள் கொண்டாடினாலே போதும், அவர் புனிதர். பிறகு ஆயர்கள் ஒப்புதல் தர ஆரம்பித்தார்கள். போப் ஒருவர் அதிகாரபூர்வமாக அறிவித்த முதல் புனிதராகச் சொல்லப்படுபவர், 993இல் அறிவிக்கப்பட்ட ஆக்ஸ்பர்க் நகர் ஆயர் உல்ரிக். 1588இல் ரோமில் இதற்கென்று தனி அலுவலகம் வந்தது.

இன்றைய நடைமுறை சுருக்கமாக இது:

1. இறந்து பொதுவாக 5 வருடம் காத்திருக்க வேண்டும். பிறகு உள்ளூர் மறைமாவட்டம் விசாரணையைத் தொடங்கலாம். அப்போது அவர் 'இறை ஊழியர்'.
2. சாட்சியங்கள், கடிதங்கள், ஆவணங்கள் எல்லாம் ரோமுக்குப் போகும். அங்கே ஏற்கப்பட்டால் 'வணக்கத்துக்குரியவர்'.
3. அடுத்தது 'அருளாளர்'. இதற்கு அவரிடம் வேண்டியதால் நடந்ததாக ஒரு புதுமை, பெரும்பாலும் மருத்துவர்களால் விளக்க முடியாத குணமடைதல், நிரூபிக்கப்பட வேண்டும்.
4. கடைசியாக 'புனிதர்'. இதற்கு இன்னொரு புதுமை.

இந்த ஏணியில் மறைசாட்சிக்கு ஒரு சலுகை இருக்கிறது. விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டார் என்று முடிவானால், அருளாளர் ஆவதற்குப் புதுமை தேவையில்லை. அந்த மரணமே போதும். ஆக, ஒருவருடைய சாவுக்கு என்ன பெயர் வைக்கிறோம் என்பதில் எல்லாமே மாறிவிடுகிறது.

அந்தக் கடினமான கேள்வி

பரம்பரையாக வரும் விதிப்படி மறைசாட்சி ஆவதற்கு மூன்று விஷயம் வேண்டும். அவர் உண்மையிலேயே கொல்லப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சாவை அவர் ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். மூன்றாவதுதான் சிக்கல்: கொன்றவர் 'விசுவாசத்தின் மீதான வெறுப்பினால்' கொன்றிருக்க வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். கொலைகாரன் மனசுக்குள் என்ன இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிஜ வாழ்க்கையில் ஒரே ஒரு காரணத்துக்காக யாரும் கொல்லப்படுவதில்லை. அரசியல் இருக்கும், நிலம் இருக்கும், சாதி இருக்கும், குடும்பப் பகை இருக்கும். இந்தியாவோடு தொடர்புள்ள நான்கு மறைசாட்சிகளை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகப் புரியும்.

வசாய் பையன், நாகசாகி சிலுவை

மும்பைக்கு வடக்கே லோக்கல் டிரெயினில் போனால் வரும் வசாய், 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியக் கோட்டை நகரம். அங்கே போர்ச்சுகீசிய அப்பாவுக்கும் கொங்கணத்து அம்மாவுக்கும் பிறந்தவர் கொன்சாலோ கார்சியா. ஜப்பானுக்குப் போய் வியாபாரம் செய்தார். பிறகு பிரான்சிஸ்கன் சபையில் சகோதரராகச் சேர்ந்தார். ஜப்பானிய மொழி நன்றாகத் தெரிந்ததால், மறைப்பணியாளர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகத் திரும்பவும் அங்கேயே போனார்.

1596இல் ஸ்பெயின் நாட்டுக் கப்பல் ஒன்று ஜப்பான் கரையில் சேதமடைந்து ஒதுங்கியது. அதன் சரக்கைப் பறிமுதல் செய்ததில் தகராறு. பாதிரியார்கள் முன்னால் வருவார்கள், படை பின்னால் வரும் என்ற சந்தேகம் ஆட்சியாளர் ஹிதேயோஷிக்கு வலுத்தது. 26 பேரைப் பிடித்து, காதில் ஒரு பகுதியை அறுத்து, குளிர்காலத்தில் கியோட்டோவிலிருந்து நாகசாகி வரை நடக்க வைத்தார்கள். 1597 பிப்ரவரி 5 அன்று எல்லோரையும் சிலுவையில் கட்டி ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். அந்த 26 பேரில் 20 பேர் ஜப்பானியர்கள். சிறுவர்களும் இருந்தார்கள்.

அரசியல் பயமா, மத வெறுப்பா? இரண்டும்தான். 1862இல் 26 பேரும் புனிதர்கள் ஆனார்கள். இந்தியாவில் பிறந்து புனிதர் பட்டம் பெற்ற முதல் ஆள் கொன்சாலோ கார்சியாதான். பிப்ரவரி 5 ஏற்கெனவே புனித அகத்தாவின் நாள் என்பதால், இவர்களுக்குப் பொது நாட்காட்டியில் பிப்ரவரி 6.

ஓரியூரின் சிவப்பு மணல்

ஜான் தெ பிரிட்டோ, தமிழில் அருளானந்தர். 1647இல் லிஸ்பனில் பிறந்து, அரண்மனைச் சூழலில் வளர்ந்தவர். இயேசு சபையில் சேர்ந்து மதுரை மறைப்பணிக்கு வந்து, காவி உடுத்தி, மரக்கறி உண்டு, நம்மூர்ப் பண்டாரசாமி போல வாழ்ந்தார். மறவர் நாட்டின் தடியத்தேவர் கிறிஸ்தவத்தில் சேர விரும்பியபோது, ஒரே மனைவியோடு வாழ வேண்டும் என்பது நிபந்தனை. அவர் மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் சேதுபதியின் உறவுப் பெண். விஷயம் அரண்மனைக்குப் போனது. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அருளானந்தர் தலை வெட்டப்பட்டது.

இங்கேயும் அதே கேள்வி. கொலைக்குக் காரணம் மதமா, அரச குடும்பத்துப் பெண்ணுக்கு நேர்ந்த அவமானமா? வேடிக்கை என்னவென்றால், ரோமில் அவருடைய வழக்கைத் தாமதப்படுத்தியது வேறொரு சந்தேகம். தமிழ்ச் சந்நியாசி போல வாழ்ந்ததே தப்பு, அவை 'புறமதச் சடங்குகள்' என்று எதிர்ப்பு வந்தது. அது தடையில்லை என்று 1741இல் போப் 14ஆம் பெனடிக்ட் முடிவு சொன்னார். அருளாளர் பட்டம் 1853இல், புனிதர் பட்டம் 1947இல். இன்றைக்கும் ஓரியூரின் மணல் சிவப்பாக இருப்பது அவர் ரத்தத்தால்தான் என்று ஊர் மக்கள் நம்புகிறார்கள். சாதி, மதம் பார்க்காமல் அங்கே நேர்த்திக்கடன் செலுத்த வருகிறார்கள்.

தேவசகாயம்: பெயரிலிருந்து போன சாதி

இப்போது காற்றாடிமலைக்குத் திரும்புவோம். நட்டாலத்தில் 1712இல் நாயர் குடும்பத்தில் பிறந்த நீலகண்டன், மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர். 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி அளித்தார். அவரோடு ஏற்பட்ட பழக்கத்தில் நீலகண்டன் கிறிஸ்தவத்தை அறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. 'லாசரு' என்ற பெயரின் தமிழ் வடிவமாக 'தேவசகாயம்' என்ற பெயர் கிடைத்தது.

அதன்பிறகு அவர் சாதி வித்தியாசம் பார்க்காமல் எல்லோரோடும் பழகினார், எல்லோரும் சமம் என்று பேசினார். தொட்டால் தீட்டு, பார்த்தால் தீட்டு என்று இருந்த சமஸ்தானம் அது. 1749இல் கைது. எருமை மேல் உட்கார வைத்து ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். அடி, உதை, காயத்தில் மிளகாய். கடைசியில் காட்டில் துப்பாக்கிச் சூடு. அவருடைய உடல் கோட்டாறு சவேரியார் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது.

இதில் விவாதம் இல்லாமல் இல்லை. மதம் மாறியதற்காக அவருக்கு மரண தண்டனை தரப்பட்டது என்பதற்குத் திருவிதாங்கூர் ஆவணங்களில் ஆதாரம் இல்லை என்று கேரள வரலாற்றாசிரியர்கள் சிலர் சொல்லியிருக்கிறார்கள். அவர் மீது இருந்தது ராஜத்துரோகக் குற்றச்சாட்டு என்பது அவர்கள் தரப்பு. அவர் இறந்து சில வருடங்களிலேயே கொச்சி ஆயர் ரோமுக்கு அனுப்பிய அறிக்கையையும், தொடர்ந்து வந்த மக்கள் வழிபாட்டையும் சபை ஆதாரமாக எடுத்துக்கொண்டது. 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அருளாளர் பட்டம்.

அப்புறம் இன்னொரு பிரச்சினை. அதுவரை எல்லா இடத்திலும் அவர் பெயர் 'தேவசகாயம் பிள்ளை'. சாதியை உதறியவருக்குச் சாதிப் பட்டத்தோடு புனிதர் பட்டமா என்று எதிர்ப்புக் கடிதங்கள் வாடிகனுக்குப் போயின. 2020இல் வாடிகன் 'பிள்ளை'யை நீக்கியது. அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்திலேயே, பிற்காலத்தில் மக்களைச் சாதிவாரியாகப் பிரித்து உட்கார வைக்கும் அமைப்போடு தேவாலயம் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்தச் சுவர் போனது. இதைத் தெரிந்துகொண்டால், ஒரு பெயரிலிருந்து மூன்று எழுத்தை நீக்கியது ஏன் அவ்வளவு முக்கியம் என்று புரியும்.

பேருந்தில் நடந்த கொலை

நாலாவது கதை நம் காலத்தது. ராணி மரியா, கேரளத்தின் புல்லுவழியில் 1954இல் பிறந்த கன்னியாஸ்திரி. மத்தியப் பிரதேசத்தின் உதய்நகர் பகுதியில் ஆதிவாசி விவசாயிகளோடு வேலை செய்தார். சேமிப்புக் குழு அமைத்தார், அரசுத் திட்டங்களை எடுத்துச் சொன்னார், வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து வெளியே வர உதவினார். அதனால் யாருக்கு நஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூர் போகும் பேருந்தில், பயணிகள் கண் முன்னால், கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒருவர் அவரைக் குத்திக் கொன்றார். ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். அவருக்கு வயது 41.

பழைய விதியை அப்படியே பொருத்தினால் இது 'வட்டிப் பணத்துக்கான கொலை' என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் ஏன் அங்கே போனார், ஏன் மிரட்டலுக்குப் பிறகும் அங்கேயே இருந்தார்? அவருடைய விசுவாசம்தான் அதற்குக் காரணம், எனவே அந்த வேலையின் மீதான வெறுப்பும் விசுவாசத்தின் மீதான வெறுப்புதான் என்பது சபையின் முடிவு. 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் அருளாளர் பட்டம் கொடுக்கப்பட்டது. மறைசாட்சி என்பதால் புதுமை கேட்கவில்லை.

அந்த விழாவில் கொலை செய்தவரும் இருந்தார். ராணி மரியாவின் தங்கையும் அதே சபையின் கன்னியாஸ்திரி. 2002இல் அவர் சிறைக்கே போய், அக்காவைக் கொன்றவரின் கையில் ராக்கி கட்டினார். குடும்பமே அவர் விடுதலைக்குப் பரிந்து பேசியது. 2006இல் வெளியே வந்தவர், கேரளாவுக்குப் போய் அந்தத் தாயைப் பார்த்தார்.

விதி எப்படி விரிந்தது?

இந்த மாற்றம் ராணி மரியாவோடு தொடங்கவில்லை. 1941இல் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில், பட்டினிச் சாவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு குடும்பஸ்தருக்குப் பதிலாக "நான் போகிறேன்" என்று முன்வந்தார் போலந்து பாதிரியார் மாக்சிமிலியன் கோல்பே. அவரை யாரும் விசுவாசத்துக்காகத் தேடிப் பிடித்துக் கொல்லவில்லையே என்று வாதம் வந்தது. அதனால் 1971இல் அருளாளர் பட்டம் தரும்போது அவரை மறைசாட்சி என்று சொல்லவில்லை. 1982இல் போப் இரண்டாம் ஜான் பால் அவரை மறைசாட்சி என்றே புனிதராக அறிவித்தார். யாருக்காக அவர் உயிர் கொடுத்தாரோ, அந்த மனிதரே அந்த விழாவுக்கு வந்திருந்தார்.

எல் சால்வடார் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ 1980 மார்ச் 24 அன்று திருப்பலியின்போதே சுடப்பட்டார். ஏழைகளுக்காக ராணுவத்தைக் கண்டித்தவர். கொன்றவர்களும் கத்தோலிக்கர்கள்தானே, இது அரசியல் கொலைதானே என்று வழக்கு பல வருடம் நகரவில்லை. 2015இல் மறைசாட்சியாக ஏற்கப்பட்டு, 2018இல் புனிதரானார். 2017இல் போப் பிரான்சிஸ் ஒரு தனிப் பாதையையே திறந்தார். கொலையாக இல்லாவிட்டாலும், பிறர் அன்புக்காகத் தெரிந்தே உயிரைப் பணயம் வைத்து இறந்தவர்களையும் அந்தப் பாதையில் பரிசீலிக்கலாம்.

இப்போது ஏன் இது முக்கியம்?

ஏனென்றால் இந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. 2008இல் ஒடிசாவின் கந்தமால் மாவட்டத்தில் நடந்த வன்முறையில் கொல்லப்பட்டவர்களில் 35 பேரின் விசாரணையைத் தொடங்கலாம் என்று 2023 அக்டோபரில் வாடிகன் ஒப்புதல் கொடுத்தது. பெரும்பாலும் பெயர் தெரியாத, சாதாரண கிராமத்து மக்கள். அந்த வன்முறைக்குப் பின்னாலும் மதம் மட்டும் இல்லை. நிலம், இட ஒதுக்கீடு, இரண்டு சமூகங்களுக்கு இடையிலான பழைய பகை எல்லாம் இருந்தன. அந்த 35 பேரைப் பற்றியும் ரோம் இதே கேள்வியைத்தான் கேட்கும்: கொன்றவர்கள் ஏன் கொன்றார்கள்?

இதில் வரும் பதிலைச் சபைக்கு வெளியே உள்ள நீங்கள் ஏற்க வேண்டும் என்று இல்லை. நீதிமன்றத் தீர்ப்பு வேறு, வரலாற்று ஆய்வு வேறு, புனிதர் பட்டம் வேறு. ஆனால் பட்டம் கிடைத்தால் ஒன்று நடக்கிறது: அந்தச் சாவுக்கு ஒரு தேதி கிடைக்கிறது. வருஷா வருஷம் அந்தத் தேதியில் யாராவது எழுந்து நின்று, அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்லியாக வேண்டும்.

குறித்துக்கொள்ள சில தேதிகள்

- ஜனவரி 14: தேவசகாயம் (காற்றாடிமலை, 1752)
- ஜனவரி 16: ஜோசப் வாஸ். கோவாவில் பிறந்து, இலங்கையில் பணியாற்றி, 1711இல் கண்டியில் இறந்தவர். மறைசாட்சி அல்ல.
- பிப்ரவரி 4: அருளானந்தர் (ஓரியூர், 1693)
- பிப்ரவரி 6: கொன்சாலோ கார்சியாவும் நாகசாகித் தோழர்களும் (1597)
- பிப்ரவரி 25: ராணி மரியா (உதய்நகர், 1995)
- மார்ச் 24: ஆஸ்கர் ரொமேரோ (சான் சால்வடார், 1980)
- ஆகஸ்ட் 14: மாக்சிமிலியன் கோல்பே (அவுஷ்விட்ஸ், 1941)

அடுத்த தடவை உங்க டீம்ல யாராவது "ஊர்ல திருவிழா, ரெண்டு நாள் லீவ் வேணும்" என்று கேட்டால், எந்தப் புனிதர் என்று கேட்டுப் பாருங்கள். கூடவே, அவர் எப்படி இறந்தார் என்றும் கேளுங்கள். கொடியேற்றம், தேர், வாணவேடிக்கை பற்றி மட்டும் சொல்லி நிறுத்த மாட்டார்கள். ஒரு ஊர் தன் பழைய காயத்தை எப்படி ஞாபகம் வைத்திருக்கிறது என்பதும் அந்தப் பதிலில் இருக்கும்.